புரூஸ் லீ: ஒரு வாழ்வும் பல நிழல்களும்

1978ஆம் ஆண்டில் திரைக்கு வந்த 'கேம் ஒவ் டெத்' என்ற திரைப்படத்தில் ஒரு காட்சி உண்டு. கதாநாயகன் ஒப்பனை அறையில் கண்ணாடிக்கு முன்னால் அமர்ந்திருக்கிறான். கண்ணாடியில் அவனது முகம் தெரிகிறது. அவன் தலையை அசைத்தாலும் முகம் அசைவதில்லை. சற்று உற்று நோக்கினால், அது பிரதிபிம்பமே அல்ல, யாரோ ஒருவருடைய புகைப்படத்தைக் கழுத்துவரை கத்தரித்தெடுத்துக் கண்ணாடியின் மீது ஒட்டியிருக்கிறார்கள் என்பது புலனாகும். உடல் ஒருவருடையது, அட்டையில் உள்ள முகம் வேறொருவருடையது. அந்த முகத்துக்குரியவர் படம் வெளியாவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்ட புரூஸ் லீ.

இக்காட்சியைக் கண்டு உலகெங்கும் இரசிகர்கள் சிரித்திருக்கிறார்கள். குறைந்த செலவில் அவசர அவசரமாக எடுக்கப்பட்ட தற்காப்புக் கலைத் திரைப்படங்களை, அவை மோசமாக இருக்கின்றன என்பதற்காகவே தேடிப் பார்க்கும் ஒரு கூட்டம் பல நாடுகளில் உண்டு. உதடு அசைந்து முடிந்த பின்னர் வந்து சேரும் வசனம், காற்றில் விழும் அடிக்கும் கேட்கும் இடியோசை, ஒட்டிய தாடி சண்டையின் நடுவே பிரிந்து தொங்கும் வில்லன் ஆகியவை இவர்களுக்கு விருந்து. இந்த இரசனையை இழிவென்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அப்படங்களில் பெரும் பகுதி ஏன் பிறந்தது என்பதை அறிய வேண்டுமாயின், முப்பத்திரண்டு ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த இந்த ஒரு மனிதரின் கதையைத்தான் முதலில் அறிய வேண்டியிருக்கிறது.

புரூஸ் லீ 1940ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலுள்ள சீன மருத்துவமனையில் பிறந்தார். அவரது தந்தையார் லீ ஹோய் சுவென், கன்டனீய இசை நாடகத்தில் பெயர்பெற்ற நகைச்சுவை நடிகர். நாடகக் குழுவொன்றுடன் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த வேளையில் இக்குழந்தை பிறந்தமையால், அதற்கு அமெரிக்கக் குடியுரிமை பிறப்பிலேயே கிட்டியது. தாயார் கிரேஸ் ஹோ, ஐரோப்பியக் கலப்பும் உடைய செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சீனப் பஞ்சாங்கப்படி அது டிராகன் ஆண்டு. பிறந்து சில மாதங்களே ஆன நிலையில் 'கோல்டன் கேட் கேர்ள்' என்ற படத்தில் அக்குழந்தை திரையில் தோன்றிவிட்டது. நடக்கத் தெரியாத வயதிலேயே நடிக்கத் தொடங்கியவர் என்று அவரைச் சொல்வது மிகையாகாது.

1941இல் குடும்பம் ஹொங்கொங் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியப் படைகள் ஹொங்கொங்கைக் கைப்பற்றின. 1945 வரை நீடித்த அந்த ஆக்கிரமிப்பின் கீழேயே லீயின் மழலைப் பருவம் கழிந்தது. போர் முடிந்த பின்னர் ஹொங்கொங்கின் கன்டனீயத் திரைப்படங்களில் சிறுவனாக அவர் தொடர்ந்து நடித்தார். பதினெட்டு வயதுக்குள் ஏறத்தாழ இருபது படங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் அவர் ஏற்ற வேடம் தெருப்பிள்ளை, அநாதை, அடங்காத சிறுவன். அடிதடியில் பெயர் பெற்றவர் என்று உலகம் அறிந்த இவர், அழவும் அழவைக்கவும் தெரிந்த குழந்தை நட்சத்திரமாகவே முதலில் அறியப்பட்டார் என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி. 'லீ சியூ லுங்', அதாவது சின்ன டிராகன், என்ற திரைப்பெயரும் அக்காலத்தில் வந்ததே.

திரைக்கு வெளியிலும் அவர் அடங்காத பிள்ளையாகவே இருந்தார். போருக்குப் பிந்திய ஹொங்கொங், சீனாவிலிருந்து வந்த அகதிகளால் நிரம்பி வழிந்த நகரம். இளைஞர் குழுக்கள் கட்டடங்களின் மொட்டைமாடிகளில் மோதிக்கொள்வது வழமை. பதின்மூன்று வயதளவில் லீ, விங் சுன் என்ற குங்பூ முறையின் ஆசானான இப் மான் என்பவரிடம் மாணவராகச் சேர்ந்தார். மறுபுறம் நடனத்திலும் அவருக்கு மோகம் இருந்தது. 1958இல் பாடசாலைகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் வென்ற அவர், அதே ஆண்டில் சா சா நடனத்திலும் ஹொங்கொங் வாகையர் பட்டத்தைப் பெற்றார். பிற்காலத்தில் அவரைப் போலச் செய்ய முயன்ற பலர் உதையைப் பழகினார்கள், கூவலைப் பழகினார்கள், மூக்கை விரலால் தட்டுவதையும் பழகினார்கள். அந்தக் கால்களில் இருந்த நடனத்தை மட்டும் எவராலும் பழக முடியவில்லை.

தெருச்சண்டைகள் பொலிஸ் வரை சென்றதைத் தொடர்ந்து, 1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெற்றோர் அவரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தனர். கையில் நூறு டொலர் இருந்ததாகக் கூறுவர். சியாட்டில் நகரில் குடும்ப நண்பர்களின் சீன உணவகமொன்றில் பரிசாரகராக வேலை பார்த்தவாறே படிப்பை முடித்து, 1961இல் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு பட்டம் பெறவில்லை. மாறாக குங்பூ கற்பிக்கும் பள்ளியொன்றை ஆரம்பித்தார். அதில் சீனர் மட்டுமன்றி வெள்ளையர், கறுப்பினத்தவர், ஜப்பானிய வம்சாவளியினர் என எவரும் சேரலாம். மாணவியாக வந்த லிண்டா எமரி என்ற பெண்ணை 1964 ஓகஸ்டில் திருமணம் செய்தார். வெள்ளையருக்கும் ஏனைய இனத்தவருக்கும் இடையிலான திருமணத்தை அமெரிக்காவின் பல மாநிலங்கள் சட்டப்படி தடைசெய்திருந்த காலம் அது. அத்தடைகள் நாடு முழுவதும் செல்லாதவையானது 1967இல் தான்.

அதே 1964 ஓகஸ்டில் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் நடைபெற்ற கராத்தே போட்டி விழாவில் லீ காட்டிய வித்தைகள் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் ஒருவரின் கவனத்துக்குச் சென்றன. 1966இல் ஆரம்பமான 'த கிரீன் ஹோர்னெட்' என்ற தொடரில் கதாநாயகனின் சாரதியும் மெய்க்காவலருமான கேட்டோ என்ற வேடம் அவருக்குக் கிடைத்தது. கேட்டோ கறுப்பு முகமூடி அணிந்த பணியாள். பேசும் வசனங்கள் சொற்பம். தொடர் இருபத்தாறு அத்தியாயங்களுடன் நின்றுபோனது. ஆயினும் ஹொங்கொங்கில் அதே தொடர் ஒளிபரப்பானபோது மக்கள் அதனை கேட்டோவின் நிகழ்ச்சி என்றே அழைத்தனர். முதலாளியை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகள் ஹொலிவூட்டின் வாசலில் காத்திருந்த ஆண்டுகள். ஸ்டீவ் மக்குயின், ஜேம்ஸ் கோபர்ன் போன்ற பெரும் நடிகர்களுக்குத் தனிப்பட்ட முறையில் பயிற்சியளித்து உயர்ந்த கட்டணம் பெற்றார். ஜீட் குன் டோ எனத் தாம் பெயரிட்ட முறையை 1967இல் வகுத்தார். பாரம்பரியப் பள்ளிகளின் வரையறுக்கப்பட்ட அசைவுகளை விட்டு, குத்துச்சண்டை, வாள்வீச்சு எனப் பயன்படுவன எவற்றையும் எடுத்துக்கொள்ளும் முறை அது. 1970இல் பாரம் தூக்கும் பயிற்சியின்போது முதுகில் கடுமையான காயம் ஏற்பட்டு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். கோபர்னும் திரைக்கதாசிரியர் ஸ்டேர்லிங் சிலிபன்டும் இவரும் சேர்ந்து கனவு கண்ட 'த சைலன்ட் புளூட்' என்ற படத்துக்காக 1971இன் ஆரம்பத்தில் இந்தியாவுக்கே சென்று களம் தேடினர். அம்முயற்சியும் கைகூடவில்லை. சீனத் துறவியொருவர் அமெரிக்க மேற்குப் பகுதியில் அலையும் 'குங் பூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு இவரது பெயர் பரிசீலிக்கப்பட்ட போதிலும், வேடம் டேவிட் கரடைன் என்ற வெள்ளை நடிகருக்கே சென்றது. லீ இறந்து சில ஆண்டுகளின் பின்னர் 'த சைலன்ட் புளூட்' வேறு பெயரில் படமாக்கப்பட்டபோது, அவருக்கென எழுதப்பட்ட வேடத்தையும் அதே கரடைனே ஏற்றார்.

இந்நிலையில்தான் ஹொங்கொங்கிலிருந்து அழைப்பு வந்தது. அங்கு திரையுலகை ஆண்டுகொண்டிருந்த ஷோ சகோதரர்களின் நிறுவனம் சாதாரண நடிகருக்குரிய சொற்ப ஊதியத்தையே முன்வைத்தது. அந்நிறுவனத்திலிருந்து பிரிந்து 1970இல் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற புதிய நிறுவனத்தை ஆரம்பித்த ரேமண்ட் சௌ, இரண்டு படங்களுக்கு 15,000 டொலர் தருவதாகக் கூறினார். லீ ஒப்புக்கொண்டு 1971இல் தாய்லாந்தின் பாக் சோங் என்ற சிற்றூருக்குச் சென்றார்.

அங்கு எடுக்கப்பட்ட 'த பிக் பொஸ்' படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே இயக்குநர் மாற்றப்பட்டு லோ வெய் என்பவர் வந்து சேர்ந்தார். பனிக்கட்டித் தொழிற்சாலையொன்றில் பனிக்கட்டிக்குள் போதைப்பொருளை மறைத்துக் கடத்துகிறார்கள், அதைக் கண்டுபிடித்த தொழிலாளர் கொல்லப்படுகிறார்கள், சண்டையிடுவதில்லை எனத் தாயிடம் வாக்களித்த கிராமத்து இளைஞன் இறுதியில் வாக்கை மீறுகிறான். கதை இவ்வளவே. ஒரு காட்சியில் லீயின் அடிபட்ட ஒருவன் மரச்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே விழுகிறான். சுவரில் ஏற்பட்ட ஓட்டை கைகால் விரித்த ஒரு மனிதனின் வடிவத்தில் அச்சொட்டாக இருக்கிறது. சிறுவர் கார்ட்டூன்களில் மட்டுமே காணக்கூடிய அந்த ஓட்டையை இயக்குநர் எத்தகைய கூச்சமுமின்றிக் காட்டுகிறார்.

எனவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிற்காலத்துப் போலிப் படங்களில் நாம் கண்டு சிரிக்கும் குறைகள் யாவும் லீயின் சொந்தப் படங்களிலும் இருந்தன. அக்காலத்து ஹொங்கொங் படங்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவின்றியே படமாக்கப்பட்டன. குரல்கள் அனைத்தும் பின்னர் கலையகத்தில் சேர்க்கப்பட்டன. கன்டனீயரான லீ பேசியதற்கு மன்டரின் மொழியில் வேறொருவர் குரல் கொடுத்தார். ஆங்கிலப் பிரதிக்கு, ஹொங்கொங்கில் வாழ்ந்த ஆங்கிலம் பேசும் வெளிநாட்டவர் சிலரே மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டனர். ஒரே மனிதரின் குரல் ஒரு படத்தில் வீரனுக்கும் அடுத்த படத்தில் துரோகிக்கும் வந்தது அதனால்தான். பின்னணி இசைக்கும் மேலைநாட்டுப் படங்களின் இசைத்தட்டுகள் கேட்டுக் கேள்வியின்றிப் பயன்படுத்தப்பட்டன. லீயே இயக்கிய படத்திலும் இத்தாலிய கௌபோய் படமொன்றின் இசை ஒலிப்பதைக் கேட்கலாம்.

வேறுபாடு எங்கே என்றால், அத்தனை வறுமைக்கும் நடுவில் ஒரே ஒரு பொருள் மட்டும் அசலாக இருந்தது. அது அவரது உடல். சட்டகத்துக்குள் அவர் நுழைந்ததும் அட்டைச் சுவரும் ஒட்டுத்தாடியும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. 'த பிக் பொஸ்' 1971 ஒக்டோபரில் ஹொங்கொங்கில் வெளியாகி அதுவரையிருந்த வசூல் சாதனையை முறியடித்தது. கேட்டோவின் முகமூடிக்குப் பின்னால் இருந்த முகத்தை அம்மக்கள் அப்போதுதான் முழுமையாகக் கண்டனர்.

1972இல் வந்த 'பிஸ்ட் ஒவ் பியூரி' அச்சாதனையையும் தகர்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஷாங்காய் நகரில், தன் ஆசானின் மரணத்துக்குப் பழிவாங்கும் சீன இளைஞனின் கதை அது. நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று பூங்கா வாயிலில் தொங்கும் பலகையை அவர் எகிறி உதைத்து நொறுக்கும் காட்சியில் திரையரங்குகள் அதிர்ந்தன. பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த ஹொங்கொங்கில், ஜப்பானிய ஆக்கிரமிப்பை நேரில் கண்ட தலைமுறை உயிரோடிருந்த காலத்தில், அந்த உதை யார் மீது விழுந்தது என்பதை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதே படத்தில் வில்லனுக்குப் பதிலாகச் சாளரத்தை உடைத்துக்கொண்டு தூக்கியெறியப்படும் சண்டைக் கலைஞர், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜாக்கி சான் ஆவார்.

மூன்றாவது படமான 'த வே ஒவ் த டிராகன்' லீயே எழுதி இயக்கியது. ரோம் நகரிலுள்ள சீன உணவகமொன்றை அடாவடிக்காரர்களிடமிருந்து காப்பாற்றச் செல்லும் நாட்டுப்புறத்தானின் கதை. முதல் பாதி முழுதும் அசடு வழியும் நகைச்சுவை. தந்தையின் கலை அங்கே மகனிடம் எட்டிப்பார்க்கிறது. பண்டைய ரோமின் கொலோசியத்தில் அமெரிக்கக் கராத்தே வாகையர் சக் நொரிசுடன் மோதும் இறுதிக் காட்சியில், அச்சண்டையின் பெரும் பகுதி உண்மையில் ஹொங்கொங் கலையகத்தில் எழுப்பிய மாதிரியில் எடுக்கப்பட்டது. சண்டைக்கு நடுநடுவே ஒரு பூனைக்குட்டியின் முகம் காட்டப்படுகிறது. இது ஏன் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். கம்பீரமான படங்களில் அப்பூனைக்குட்டிக்கு இடமிருந்திருக்காது.

அதே 1972இன் பிற்பகுதியில் அவர் தொடங்கியதே 'கேம் ஒவ் டெத்'. ஐந்து அடுக்குக் கோபுரமொன்றின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு காவலன். ஒவ்வொருவனும் ஒவ்வொரு போர்முறையில் தேர்ந்தவன். அவற்றைக் கடந்து மேலே செல்ல வேண்டும். லீயின் மாணவரும் ஏழடி இரண்டங்குல உயரமுள்ள கூடைப்பந்தாட்ட வீரருமான கரீம் அப்துல் ஜபாருடன், கறுப்புக் கோடிட்ட மஞ்சள் உடையில் லீ மோதும் காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தன. அவ்வேளையில் ஹொலிவூட்டின் வோர்னர் நிறுவனம் கோல்டன் ஹார்வெஸ்ட்டுடன் கூட்டாக ஒரு படம் எடுக்க முன்வந்தது. தன்னை வாசலில் நிறுத்திவைத்த ஊர் இப்போது தன் ஊருக்கே தேடி வந்ததைக் கண்ட லீ, கோபுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு 'என்டர் த டிராகன்' படப்பிடிப்புக்குச் சென்றார். அதன் செலவு ஏறத்தாழ 850,000 டொலர். ஹொலிவூட்டுக்கு அது சில்லறை, ஹொங்கொங்குக்குப் பெருந்தொகை. அவரது சொந்தக் குரலிலேயே அவர் ஆங்கிலம் பேசி நாயகனாக நடித்த முதற் படம் அதுவே.

1973ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி, அப்படத்துக்கான குரல் பதிவின்போது கலையகத்தில் மயங்கி விழுந்தார். மூளையில் நீர்கோத்து வீக்கம் ஏற்பட்டிருந்தது. மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினர். ஜூலை 20ஆம் திகதி, நடிகையொருவரின் இல்லத்தில் தலைவலிக்காக மாத்திரையொன்றை உட்கொண்டு உறங்கச் சென்றவர் கண்விழிக்கவேயில்லை. தமது வீட்டிலேயே அவர் மயங்கி விழுந்ததாக முதலில் செய்தி வெளியிடப்பட்டு, பின்னர் உண்மை வெளியானமையால் வதந்திகள் கட்டுமீறிப் பரவின. நஞ்சு என்றனர், இரகசியச் சங்கம் என்றனர், சாபம் என்றனர். மரண விசாரணை, தற்செயலான இறப்பு என முடிவு செய்தது. வெப்பத் தாக்கம் முதல் உடலில் சோடியம் குறைந்தமை வரை பல விளக்கங்கள் அண்மைக் காலம் வரை முன்வைக்கப்பட்டுள்ளன. ஹொங்கொங்கில் ஆயிரக்கணக்கானோர் வீதிகளில் திரண்டு அஞ்சலி செலுத்திய பின்னர், சியாட்டில் நகரின் லேக் வியூ மயானத்தில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. பேழையைச் சுமந்தவர்களுள் மக்குயினும் கோபர்னும் இருந்தனர். 'என்டர் த டிராகன்' அமெரிக்காவில் திரையிடப்பட்டது அதற்கடுத்த மாதம்.

உலகம் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த அதே கணத்தில் அந்த நட்சத்திரம் இல்லாமற் போய்விட்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்கத் தெருமுனைத் திரையரங்குகளிலும் இரசிகர்கள் இன்னும் ஒரு படம் கேட்டனர். கொடுப்பதற்குப் படம் இல்லை. ஹொங்கொங், தாய்வான், கொரியா ஆகிய இடங்களைச் சேர்ந்த சிறு தயாரிப்பாளர்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளியது: இன்னொரு புரூஸ் லீயைச் செய்துகொள்வது.

தாய்வானைச் சேர்ந்த ஹோ சுங் தாவ் என்ற உடற்பயிற்சி வீரர் 'புரூஸ் லி' ஆனார். பர்மாவில் பிறந்த ஹுவாங் கின் லுங் 'புரூஸ் லே' ஆனார். கொரியர் ஒருவர் 'டிராகன் லீ' ஆனார். புரூஸ் லாய், புரூஸ் தாய் என்று பட்டியல் நீண்டது. சுவரொட்டியில் அசல் முகத்தை வரைந்து, ஒரெழுத்து மட்டும் மாறிய பெயரைச் சிறிதாக அச்சிட்டால் நுழைவுச்சீட்டு விற்றுவிடும். 1976இல் வந்த ஒரு படத்தின் தலைப்பு, புரூஸ் லீ கல்லறையிலிருந்து எழுந்து போரிடுகிறார் என்பது. தொடக்கத்தில் கல்லறை மீது மின்னல் தாக்குகிறது. உள்ளிருந்து ஒருவர் குதித்தெழுகிறார். அத்துடன் சரி. எஞ்சிய படத்துக்கும் கல்லறைக்கும் புரூஸ் லீக்கும் எந்தத் தொடர்புமில்லை. 1977இல் வெளிவந்த 'த டிராகன் லிவ்ஸ் எகெய்ன்' படத்தில் இறந்த லீ பாதாள உலகுக்குச் செல்கிறார். அங்கே டிராகுலா, ஜேம்ஸ் பொண்ட், ஜப்பானியக் குருட்டு வாள்வீரன் ஆகியோருடன் சண்டை. அவருக்குத் துணையாக வருபவன் கீரை தின்னும் கப்பலோட்டி பொப்பாய். 1980இன் 'த குளோன்ஸ் ஒவ் புரூஸ் லீ' படத்தில் விஞ்ஞானியொருவர் லீயின் உடலணுக்களிலிருந்து மூன்று பிரதிகளை உருவாக்குகிறார். வெண்கல மனிதர்கள் எனப்படுவோர் வருகிறார்கள். உள்ளாடையுடன் நிற்கும் ஆடவர் மீது வெண்கலச் சாயம் பூசப்பட்டிருக்கிறது.

இவற்றைப் பார்த்துச் சிரிப்பவரின் சிரிப்பில் வெறும் ஏளனம் மட்டும் இருப்பதாக நான் கருதவில்லை. பெருஞ்செலவில் எடுத்துத் தோற்கும் படம் சலிப்பையே தருகிறது. கையில் காசில்லாமல், மூன்று வாரத்தில், பாதாள உலகத்தையே காட்டிவிடலாம் என்று துணிந்தவனின் தோல்வி அப்படியல்ல. அங்கே எதுவும் ஒளிக்கப்படுவதில்லை. கயிறு தெரிகிறது, மெத்தை தெரிகிறது, ஒரே தோட்டம் மூன்று நாடுகளாக வேடமிடுவது தெரிகிறது. இத்தனைக்கும் நடுவே உதைபடுபவர் உண்மையாகவே உதைபட்டுத் தரையில் விழுகிறார். பாதுகாப்பு ஏற்பாடுகளோ காப்புறுதியோ இல்லாத அந்தச் சண்டைக் கலைஞர்களின் உழைப்புப் போலியானதன்று. கூரையிலிருந்து குதித்தவர் குதித்தார்; அவ்வளவுதான். கணினியில் வரைந்த வீரர்கள் வானத்தில் பறக்கும் இந்நாளில், அந்த உண்மையே பார்வையாளரை ஈர்க்கிறது எனலாம்.

ஆயினும் சிரிப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பொப்பாயோடு பாதாளத்தில் அலையும் லீயை யாரும் அசல் என நம்பப்போவதில்லை. அதில் வஞ்சகம் குறைவு. 1978இன் 'கேம் ஒவ் டெத்' நிலைமை வேறு. அதை எடுத்தது எங்கோ ஒரு மூலையில் இருந்த சிறு தயாரிப்பாளர் அல்ல. லீயை வளர்த்த அதே கோல்டன் ஹார்வெஸ்ட். இயக்கியவர் 'என்டர் த டிராகன்' இயக்குநர் ரொபர்ட் குளூஸ். கோபுரக் கதை கைவிடப்பட்டு, குற்றக் கும்பலிடமிருந்து தப்பத் தன் மரணத்தைப் போலியாக நடத்தும் நடிகனின் கதை புதிதாகப் புனையப்பட்டது. லீ எடுத்துவைத்த காட்சிகளில் ஏதோ ஒரு துண்டு மட்டுமே சேர்க்கப்பட்டது. மற்ற இடங்களில் கறுப்புக் கண்ணாடியும் தாடியும் அணிந்த பதிலாள்கள். கதையில் வரும் போலி இறுதிச்சடங்குக்கு, 1973இல் ஹொங்கொங்கில் நடந்த லீயின் உண்மையான இறுதிச்சடங்குப் படச்சுருளே பயன்படுத்தப்பட்டது. திறந்த பேழையில் கிடக்கும் அந்த முகமும் அதில் உண்டு. அட்டை முகத்தைக் கண்டு சிரித்தவர் இக்காட்சி வரும்போது சிரிப்பை நிறுத்திக்கொள்வது இயல்பு. கலையகத்தில் அதை வெட்டி ஒட்டியவர்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்பதே கேள்வி.

அப்படத்தின் கதையில், படப்பிடிப்பின்போது பொய்த் துப்பாக்கிக்குப் பதிலாக உண்மைக் குண்டு பாய்ந்து நடிகன் வீழ்கிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1993ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி, லீயின் மகன் பிரண்டன் 'த குரோ' படப்பிடிப்பின்போது, முறையாகப் பரிசோதிக்கப்படாத துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட குண்டுமுனை பாய்ந்து இருபத்தெட்டாவது வயதில் உயிரிழந்தார். தந்தைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். இதனைச் சாபம் என்று எழுதுவோர் உண்டு. அது கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்பதே உண்மை.

லீ கடைசியாக எடுத்த கோபுரக் காட்சிகளின் மூலப் படச்சுருள் பல ஆண்டுகளாகக் களஞ்சியத்தில் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆவணப்படமொன்றில் லீயின் குறிப்புகளின்படி தொகுத்துக் காட்டப்பட்டது. 2004இல் 'என்டர் த டிராகன்' அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2005 நவம்பரில் ஹொங்கொங் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. அதற்கு ஒரு நாள் முன்னதாகவே, இனப்போரால் பிளவுண்ட பொஸ்னியாவின் மொஸ்டார் நகரில் இன்னொரு சிலை திறக்கப்பட்டது. மூன்று தரப்பினரும் தத்தம் வீரர்களை ஏற்க மறுத்த அந்நகரில், அனைவரும் ஒருங்கே நேசித்த ஒருவராக லீயே எஞ்சினார் என்பதால் அங்குள்ள இளைஞர்கள் அவரைத் தெரிவு செய்திருந்தனர். அவர்களில் பலர் சிறுவயதில் பார்த்தவை அசல் படங்களா, ஒரெழுத்து மாறிய படங்களா என்பதை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

போலிகளாக நடித்தவர்களின் நிலை என்னவாயிற்று? ஹோ சுங் தாவ் திறமையுள்ள நடிகர். இன்னொருவரின் பெயரைச் சுமப்பதில் அவருக்கு உவப்பிருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் விடவில்லை. காலப்போக்கில் திரையுலகை விட்டு விலகிய அவர், தாய்வானில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றினார். ஜாக்கி சானையும் அடுத்த புரூஸ் லீயாக்க லோ வெய் 1976இல் முயன்று தோல்வியடைந்தார். அத்தோல்வியே சானைக் காப்பாற்றியது. அவர் தமக்கென நகைச்சுவை கலந்த வேறொரு வழியை வகுத்துக்கொண்டார். ஏனையோருக்கு அந்த அதிர்ஷ்டம் கிட்டவில்லை. 2023இல் வெளிவந்த 'என்டர் த குளோன்ஸ் ஒவ் புரூஸ்' என்ற ஆவணப்படத்தில் ஹோ சுங் தாவ், ஹுவாங் கின் லுங் முதலிய அவ்வீரர்கள் முதுமையடைந்த நிலையில் ஒளிப்படக் கருவியின் முன் அமர்ந்து தம் கதையைக் கூறினர். கறுப்புக் கண்ணாடியும் அட்டை முகமும் இன்றி, அவரவர் முகத்துடன்.